ஒரு முழம் விட்டுக் கட்டு

சனிக்கிழமை, காலை 6.10.

தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட வந்த தனபால், தன் தோட்டத்துக் குட்டையின் படித்துறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீருக்கடியில், படிக்கட்டின் மேல், அமிர்தநாதன் குப்புறக் கிடந்தார். சட்டைக் காலர் கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்தது.

முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் உலகத்தைச் சுற்றிவந்த மனிதர். எத்தனையோ புயலுக்குத் தப்பியவர், கடைசியில் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரை ஏக்கர் குட்டையில் உயிரை விட்டிருக்கிறார். கேட்டால் யார் நம்புவார்கள்?

கடல் காற்றே படாத ஊரில் கடல் பள்ளிக்கூடம் நடத்தியவர் அவர். ‘திசைகாட்டி’ என்று பெயர். சிங்காநல்லூர் மில் தொழிலாளர்களின் பிள்ளைகளை வாரக் கடைசியில் வேனில் ஏற்றிவந்து நீச்சல், துடுப்பு, கயிறு, திசை என்று எல்லாம் சொல்லிக்கொடுப்பார். குட்டையை இலவசமாக விட்டவர் தனபால். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? “ஏனுங் கேப்டன், கோயமுத்தூருக்குக் கப்பலு எங்கீங்க வந்து நிக்கும்? உக்கடம் கொளத்துலயா, சிங்காநல்லூர் கொளத்துலயா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஆறு பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டார்.

அன்று பதினோரு மணிக்குக் கொங்குமலர் அறக்கட்டளை அவர் பள்ளிக்கு மூன்று வருஷ நிதியுதவியை மேடையில் வைத்துக் கொடுப்பதாக இருந்தது. பந்தல்கூடப் போட்டாயிற்று. அந்தப் பந்தலுக்கடியில்தான் இப்போது உடலைக் கிடத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் ரெபேக்கா வந்தபோது மணி ஏழரை. தனக்கு முன்னால் இன்னொருவர் முடிவு சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஏட்டு ராசப்பனுக்கு அது தெரியும், தெரிந்தும் சொல்லிவிடுவார்.

“வழுக்கி உழுந்துபோட்டாருங்க மேடம். படியெல்லாம் பாசி.”

“வழுக்கினா பின்மண்டையில அடி சரி. அடிச்ச துடுப்பை யாரு கழுவி வெச்சாங்க?”

சுவரோரம் சாத்தியிருந்த இரண்டு துடுப்புகளில் ஒன்றில் மண்ணும் பாசியும் அப்பியிருந்தன. மற்றது பளிச்சென்று இருந்தது. அதன் நுனிப்பலகையில் புதிதாக ஒரு விரிசல். விரிசலுக்குள் நரைமுடி ஒன்று.

கொலைதான்.

ரெபேக்கா குட்டையைச் சுற்றி நடந்தார். மூலையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் மிதந்தது. அதன் கழுத்தில் நைலான் கயிறு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. கயிற்றின் நுனி கத்தியால் அறுத்ததுபோல நேராக இருந்தது.

படகு படித்துறையில், சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் கட்டியிருந்தது. ஆனால் அது நிற்கும் அழகு சரியில்லை. வளையம் தண்ணீருக்குள் போயிருந்தது. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்த காளைபோலப் படகு தலையைக் குனிந்திருந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பக்கத்தில் தண்ணீர் புகுந்திருந்தது.

“நேத்து இப்படியா இருந்தது?”

“இல்லீங்க மேடம்,” என்றார் தனபால். அழுது முகம் வீங்கியிருந்தது. “ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்துருக்குதுங்க. மோட்டாரு ஆட்டோவுல கெடக்கும், தானா எடுத்துக் குட்டைக்குத் தண்ணி உடும். விடியறதுக்குள்ள ஒரு சாண் தண்ணி ஏறிப்போச்சுங்க.”

ரெபேக்கா படகைக் கட்டியிருந்த முடிச்சையும் கயிற்றையும் நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு கயிற்றை வளையத்திலிருந்து கழற்றிப் பையில் போடச் சொன்னார். “வெறுங் கயித்துக்கு இத்தனை மரியாதையா?” என்று ராசப்பன் முணுமுணுத்தார்.

8.20க்கு அறக்கட்டளையின் கார் வந்தது. இறங்கியவர் கிருபாசங்கர், அறக்கட்டளையின் திட்ட மேலாளர். கோவையில் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு என்ன உதவி, யாருக்கு என்ன பொருள் என்று பார்த்துப் பார்த்துச் செய்பவர் அவர்தான். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

“நேத்து எங்க இருந்தீங்க?”

“உடுமலையில லாட்ஜ் ரூம்லீங்க மேடம். இன்னைக்கு விழாவுக்குப் பேச்சு எழுதிட்டிருந்தேன். குட்டைப் பக்கமே வரலை. எனக்குத் தண்ணின்னாலே பயமுங்க, படகுல கால் வெச்சதே இல்லை.”

“அவருக்கு யார்மேலயாவது பகை?”

அவர் தயங்கினார். தயங்குவதையும் அழகாகத் தயங்கினார். “சொல்லக் கூடாதுங்க... சின்னப் பொண்ணு. லோகப்பிரியான்னு. நேத்து இங்க பெரிய சண்டையாமா.”

தனபால் தலையைக் குனிந்துகொண்டார். ரெபேக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேனுங்க. விழா வேலைக்கு ரெண்டு நாளாப் புள்ளைக வந்துட்டிருந்தாங்க. சாயங்காலம் வேன் கெளம்பறதுக்கு மிந்தி. ‘எம்பொழப்பக் கெடுத்துப்போட்டீங்களே’ன்னு கத்துச்சுங்க. அப்பறம் பொளுது உழுகறப்போ தோட்டத்துக் கேட்டுப் பக்கமிருந்து அழுதுட்டே ஓடுச்சுன்னு தோப்புல தேங்கா உரிக்கறவங்க சொன்னாங்க. ஆனா அந்தப் புள்ள அப்படிச் செய்யாதுங்க மேடம்!”

பழி ஓரிடம் என்றால் எல்லா விரலும் அந்தப் பக்கமே நீளும். ஒன்பது மணிக்கு டி.எஸ்.பி.யிடமிருந்து போன் வந்தது. பெரிய இடத்து விவகாரம், மதியத்துக்குள் அந்தப் பெண்ணை ரிமாண்டுக்கு அனுப்பு என்றார். ரெபேக்கா “சரிங்க சார்” என்றார். போனை வைத்ததும் காதைத் துடைத்துக்கொண்டார்.

லோகப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. அம்மா மில்லில் நூல் சுற்றுகிறவள். சென்னைக் கப்பல் பயிற்சிக் கல்லூரியில் லோகப்பிரியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கான கட்டணம் இந்த நிதியுதவிக்குள்தான் வருகிறது. ரிமாண்டுக்குப் போனால் திங்கள்கிழமையும் இல்லை, கப்பலும் இல்லை. கொலைகாரி என்ற பெயர்தான் மிச்சம்.

விழாவுக்கென்று வந்திறங்கிய அவளைக் குட்டைக் கரையிலிருந்த கொட்டகையில் உட்காரவைத்து ரெபேக்கா எதிரில் அமர்ந்தார்.

“என்ன சண்டை?”

“இந்தக் காசு நமக்கு வேண்டாம், நாளைக்கு மேடையிலயே வேண்டாம்னு சொல்லிப்போடுவேன்னாருங்க.”

“ஏன்?”

“கேட்டேனுங்க. காலையில உனக்கே தெரியும்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. என்னென்னவோ பேசிப்போட்டேன்.”

“வேன்ல போனவ எதுக்குத் திரும்பி வந்தே?”

“மன்னிப்புக் கேக்கலாம்னு. பாதி வழியில எறங்கி பஸ் புடிச்சு வந்தேன். கேட்டு பூட்டியிருந்துச்சு. நடுக்குட்டையில படகு நின்னுச்சுங்க. அவரு முதுகு தெரிஞ்சுது. ‘சார், மன்னிச்சுக்குங்க சார்’னு கத்துனேன். ரெண்டு மூணு தடவை. அசையவே இல்லை. திரும்பிக்கூடப் பாக்கலீங்க.” அவள் அழத் தொடங்கினாள். “என்னை மன்னிக்காமலே போயிட்டாருங்க மேடம்.”

“முகத்தைப் பாத்தியா? சட்டை?”

“மசமசன்னு இருட்டுங்க. ஆளு உருவந்தான். படகுல அவரைத் தவிர வேற யாரு இருக்கப்போறாங்க?”

“நடுக்குட்டையில ஒரு கேன் மிதந்துச்சா?”

“ஆமாங்க, அவரு உட்டதுதான். வியாழக்கெழமை ஒரு லைஃப் ஜாக்கெட்டுல செங்கல்லக் கட்டி மொதக்க உட்டாரு. முங்கினா எடம் தெரியணும்னு கேனு. போன மே மாசம் ஆத்து முகாம்ல தீபக்னு ஒரு பையன் செத்துப்போனானுங்களே, ஜாக்கெட் போட்டிருந்தும்? பக்கிள் மாட்டலைன்னு சொன்னாங்க. அன்னீலேர்ந்து சார் சரியாத் தூங்கறதில்லை. ஜாக்கெட்டையே எடுத்து எடுத்துப் பாப்பாரு.”

“தீபக் உங்க பள்ளிக்கூடமா?”

“இல்லீங்க, வேற அமைப்பு. அவங்களுக்கும் கொங்குமலர்தான் ஜாக்கெட் கொடுத்தாங்க.”

கொட்டகைச் சுவரில் ஆணிகள் வரிசையாக இருந்தன. எல்லா ஆணியிலும் ஆரஞ்சு ஜாக்கெட் தொங்கியது. ஒன்று மட்டும் காலி. ஆணிகளுக்கு மேலே சுண்ணாம்பில் பெரிதாக எழுதியிருந்தது: ‘ஒரு முழம் விட்டுக் கட்டு.’

“அது என்ன, கட்டு?”

லோகப்பிரியா அழுகைக்கு நடுவே பார்த்தாள். “படகுங்க. கடல்ல தண்ணி ஏறும், எறங்கும். இறுக்கிக் கட்டுனா படகு முங்கிரும், இல்லாட்டி தொங்கிரும். கயிறு ஒரு முழம் தொய்வா உடணும்பாரு. கோயமுத்தூருல ஏது சார் கடலுன்னு சிரிப்போம். கை பழகணும், அப்பறம் கடலைப் பாத்துக்கலாம்பாரு. மறந்தா முட்டியிலயே ஒண்ணு போடுவாரு. இப்பெல்லாம் எங்களுக்குக் கை தானா உட்டுருதுங்க.”

ரெபேக்கா எழுந்தார். ஆணியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தையலோரம் பிரித்து உள்ளே பார்த்தார். ராசப்பனைக் கூப்பிட்டு, இரண்டு செங்கல்லைச் சேர்த்துக் கட்டிக் குட்டை ஓரம் மிதக்கவிடச் சொன்னார்.

“மேடம், டி.எஸ்.பி. அய்யா மதியத்துக்குள்ளன்னாருங்க...”

“மதியத்துக்குத்தான் மிதக்க விடறேன்.”

பதினோரு மணிக்குப் பழனாத்தாள் வந்தார். மோட்டார் பம்ப் கம்பெனியின் முதலாளி. கொங்குமலர் அவர் வைத்ததுதான். நகை இல்லை, அலட்டல் இல்லை. உடல் கிடந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “நேத்து மத்தியானம் எனக்குப் போன் போட்டாருங்க அம்மணி. மீட்டிங்ல இருந்தேன். நேர்ல பேசிக்கலாம்னு கிருபாகிட்டச் சொல்லச் சொல்லிப்போட்டேன். அந்தப் போனை நான் எடுத்திருக்கோணும்.”

“கிருபாசங்கர் அவர்கிட்டப் பேசினாரா?”

“பேசினேன்னு சொன்னான். சும்மா விழா விஷயந்தான்னான்.”

ரெபேக்கா தலையசைத்துவிட்டுப் படித்துறைக்கு எல்லோரையும் வரச் சொன்னார். குட்டையின் அடியில் தடயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். புதுக் கயிறு கட்டிய படகில் ராசப்பன் ஏறினார். அவருக்கும் படகுக்கும் ஏழாம் பொருத்தம். நேராகப் போகச் சொன்னால் வட்டமடித்தார். நடுக்குட்டைக்குப் போய் மூங்கிலால் துழாவிவிட்டுத் திரும்பிக் கயிற்றை எறிந்தார்.

“தனபால், கட்டுங்க.”

தனபால் வளையத்தில் கட்டிவிட்டுக் கயிறு தளர்வாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். “எந்நேரம் கரண்டு வரும்னு தெரியாதுங்களே. மோட்டாரு எடுத்தா தண்ணி ஏறும்.”

ராசப்பன் இரண்டாவது தடவை போய்வந்தார். துழாவியதில் அறுந்த கயிறும் இரண்டு செங்கல்லும் மூங்கிலில் சிக்கி வந்தன. ஜாக்கெட் இல்லை.

“லோகப்பிரியா, கட்டு.”

அவள் கட்டினாள். கண் எங்கோ இருந்தது. கை மட்டும் தானாக வேலை செய்தது. கயிறு ஒரு முழம் தொய்ந்து தண்ணீரில் கிடந்தது.

மூன்றாவது தடவை ராசப்பன் வரும்போது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கயிறு கிருபாசங்கரின் காலடியில் வந்து விழுந்தது.

“கொஞ்சம் புடிச்சுக் கட்டுங்களேன் சார்,” என்றார் ரெபேக்கா.

அவர் குனிந்து படகை நெருக்கி இழுத்தார். வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, படகு அசையாதபடி இறுக்கி முடிந்தார். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். நல்ல கட்டு. திருத்தமான கட்டு. ரெபேக்கா தன் போனை எடுத்து, காலையில் எடுத்த போட்டோவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். வளையத்தில் அதே இரண்டு சுற்று, அதே இறுக்கம்.

“படகுல கால் வெச்சதே இல்லைன்னீங்க. படகுல கால் வெக்காதவர் கட்டின கட்டுதான் சார் இது.”

“என்ன பேசறீங்க மேடம்? கயிறு கட்டினா கொலையா?”

“கட்டு கொலை இல்லை. கட்ட வேண்டிய அவசியம் எதுக்கு வந்துச்சு, அதுதான் கொலை.” ரெபேக்காவின் குரல் உயரவில்லை. “அமிர்தநாதன் செத்தப்பறம் இந்தப் படகை யாரோ எடுத்திருக்காங்க. நடுக்குட்டைக்குப் போய், கேனோட கயித்தை அறுத்து, அடியில கெடந்த ஜாக்கெட்டை எடுத்திருக்காங்க. வந்து படகைக் கட்டியிருக்காங்க, பொழுது விழுந்தப்பறம். அமிர்தநாதன் கட்டியிருந்தா ஒரு முழம் விட்டிருப்பார். இந்தப் பொண்ணு கட்டியிருந்தாலும் விட்டிருக்கும். கோவத்துல மூளை மறந்தாலும் கை மறக்காது. தனபால் தோட்டத்துக்காரர், மோட்டார் எடுக்கும்னு அவருக்குத் தெரியும். ரெண்டும் தெரியாதவர் ஒருத்தர்தான். குட்டைத் தண்ணி எங்க ஏறப்போகுதுன்னு நெனச்ச சிட்டிக்காரர். ராத்திரி தண்ணி ஏறுச்சு. படகு மூக்கைத் தண்ணியில முக்கி உங்களைக் காட்டிக் கொடுத்துருச்சு.”

“ஜாக்கெட்டை நான் எதுக்கு எடுக்கணும்?”

“அதை அங்க பாத்துக் கேளுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். காலையில் மிதக்கவிட்ட ஆரஞ்சு ஜாக்கெட்டின் தோள்பட்டை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போயிற்று. சில குமிழிகள் வந்தன. அவ்வளவுதான்.

“நீங்க வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டுக்குள்ள இருக்கறது மெத்தைக்குப் போடற ஸ்பாஞ்சு,” என்றார் ரெபேக்கா. “முதல்ல மிதக்கும். கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி குடிச்சு, போட்டிருக்கறவனைக் கீழ இழுக்கும். தீபக் பக்கிளைச் சரியாத்தான் மாட்டியிருந்தான்.”

பழனாத்தாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பையனோட அம்மாகிட்ட, உங்க பையன்தான் கவனமா இல்லைன்னு நானே வாயால சொன்னேன் கிருபா. நீ எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.”

“அம்மா, கம்பெனிக்காரன் ஏமாத்தியிருப்பான், எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்தப் பக்கமே வரலைங்க!”

“அப்போ வண்டியத் திறங்க.”

“வாரண்ட் இல்லாம என் வண்டியை...”

“உன் வண்டியா?” பழனாத்தாள் கையை நீட்டினார். “ட்ரஸ்ட்டு வண்டி. சாவியக் கொடு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தால் சோறாவது நிறைய இருக்க வேண்டும். ராசப்பன் டிக்கியைத் திறந்ததும் பாசி நாற்றம் குப்பென்று வந்தது. விரிப்பு சொதசொதவென்று ஊறியிருந்தது. ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒரு பேனர் மூட்டை. ‘கடலை நோக்கி நம் பிள்ளைகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அந்தப் பேனருக்குள் ஆரஞ்சு ஜாக்கெட் இருந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது.

“கொளுத்திப் பார்த்திருக்காரு மேடம்.”

“ஊறின ஸ்பாஞ்சு எரியாது. காயட்டும்னு வெச்சிருந்திருக்கார். அது அத்தனை சீக்கிரம் காயாது.”

கிருபாசங்கர் கார்மேல் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். “விழா முடியட்டும், எல்லாத்தையும் மாத்திக் கொடுத்துடறேன்னு கெஞ்சினேனுங்க. செத்த பையனை நீ எப்படிய்யா மாத்திக் கொடுப்பேன்னு கேட்டுட்டுத் திரும்பிக்கிட்டாரு. துடுப்பு பக்கத்துலயே இருந்துச்சு...” ராசப்பன் அவரைத் தூக்கி நிறுத்தினார். இந்தத் தடவை ஏட்டு எந்த முடிவும் சொல்லவில்லை.

பழனாத்தாள் போனை எடுத்து, அறக்கட்டளை ஜாக்கெட் கொடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் கூப்பிட ஆரம்பித்தார். “புள்ளைகள மொதல்ல தண்ணியிலிருந்து வெளிய எடுங்க. காரணம் அப்பறம் சொல்றேன். மொதல்ல எடுங்க.” ஒரு இடத்தில் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். கடைசியில் எடுத்தார்கள், பிள்ளைகள் இன்னும் இறங்கவில்லையாம். அவர் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு லோகப்பிரியாவைப் பார்த்து, “திங்கக்கெழமை நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன் சாமி. ட்ரஸ்ட்டு காசு இல்ல, என் காசு,” என்றார். அவள் படித்துறையில் போய் உட்கார்ந்தாள்.

ஜீப் போன பிறகும் அவள் படித்துறையிலேயே உட்கார்ந்திருந்தாள். ரெபேக்கா பக்கத்தில் போய் அமர்ந்தார்.

“கண்ணு, நீ கூப்பிட்டப்போ திரும்பாதது அவர் இல்லை. படகுல இருந்தது கிருபாசங்கர். குரல் கேட்டதும் பயந்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கான். அவர் உன்மேல கோவமாப் போகலை.”

லோகப்பிரியாவின் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு மெதுவாக வேறு எதுவோ அதில் ஏறியது.

“அப்போ அவரு எங்கீங்க இருந்தாரு? நான் கத்தறப்போ?”

ரெபேக்கா தண்ணீரைப் பார்த்தார். லோகப்பிரியா தன் காலடியில் இருந்த படிகளைப் பார்த்தாள். தண்ணீருக்குள் கைப்பிடிக் கம்பி தெரிந்தது.

“இங்கயா?”

“ஆமா கண்ணு.”

அவள் அழவில்லை. தோப்புக்குள் மோட்டார் எடுக்கும் சத்தம் கேட்டது. பகல் முறைக்கு மின்சாரம் வந்துவிட்டது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கிருபாசங்கர் கட்டிவிட்டுப் போன படகு அப்படியே இறுகி நின்றது. அதன் மூக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தாழத் தொடங்கும். லோகப்பிரியா எழுந்து இரண்டு படி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தக் கட்டை அவிழ்த்தாள். ஒரு முழம் விட்டு மறுபடியும் கட்டினாள்.